நண்டின் பழைய கொடுக்கு

2024 நவம்பர் 11, திங்கட்கிழமை. நெய்யாற்றின்கரைக்குத் தெற்கே ஒரு பள்ளி மைதானத்தில் நடந்த சோதனை ஓட்டத்தில், மாணவர்கள் செய்த ‘நண்டு’ என்ற ரோபோ, மணல் மூட்டையைத் தூக்காமல் பின்னோக்கி வந்து, தலைமை ஆசிரியை உட்கார்ந்திருந்த நாற்காலியில் மோதிக் கவிழ்ந்தது. யாருக்கும் காயம் இல்லை. ஒரு மோட்டார் கருகியது.

புதன்கிழமை காலை, பாறசாலை சந்திப்பில் பேக்கரிக்கு மேலே இருந்த விமலகுமாரியின் துப்பறியும் அலுவலகத்தில் ஷைஜு நின்றுகொண்டிருந்தான். அவன் நாற்காலி அங்கேதான் இருந்தது. அதில் வேறொருவன் இருந்தான்.

அந்த வேறொருவனுக்கு ஆதித்யன் என்று பெயர். பிளஸ் ஒன் படிக்கிறவன். மீசை, முளைக்கலாமா என்று இப்போதுதான் யோசித்துக்கொண்டிருந்தது. நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, விமலகுமாரியின் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, அவன் பேசப் பேச அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள். காப்பீட்டுக் கம்பெனியில் இருபது வருடம் மற்றவர்களின் பொய்யை விசாரித்து ஓய்வுபெற்ற விமலகுமாரி, யாருக்கும் அத்தனை எளிதில் தலையாட்டுகிறவள் அல்ல. ஷைஜு அவளிடம் உதவியாளனாகச் சேர்ந்த பிறகு அவனுக்கு அப்படி எத்தனை தலையாட்டல் கிடைத்தது என்று யோசித்துப் பார்த்தான். யோசித்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

“இதாக்கும் மேடம் எங்க டீமுக்க போர்டு,” என்றான் ஆதித்யன். “ஒவ்வொரு வேலையும் ஒரு கார்டு. செய்ய வேண்டியது இடது பக்கம், முடிஞ்சது வலது பக்கம். கார்டுக்குக் கீழ ஆருக்கு என்ன சந்தேகம் உண்டோ அதை எழுதலாம். புரோகிராமும் இதுக்குள்ள தான் கிடக்குது. ஆரு எப்ப எதை மாத்தினாலும் ஹிஸ்டரியில வரும்.”

“எங்க தெருவுல இந்த வேலையைச் சரோஜா மாமி செய்யுவா,” என்றான் ஷைஜு. “கரண்டு கூட வேண்டாம்.”

ஆதித்யன் சிரிக்கவில்லை. விமலகுமாரியும் சிரிக்கவில்லை. சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எமில்டா மட்டும் வழக்கத்தினால் சிரித்துவிட்டு, மகளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

மகள் சுமி. அவளுக்காகத்தான் எல்லாரும் அங்கே கூடியிருந்தார்கள். பொழியூர் கடற்கரைக்காரி, நண்டு அணியின் தலைவி. கடல் வந்து வீட்டு முற்றத்தைத் தின்றுகொண்டிருக்கும் ஊரில் பிறந்தவளுக்கு, மணல் மூட்டையைத் தானே எடுத்து அடுக்கும் ரோபோ என்ற யோசனை புத்தகத்தைப் பார்த்து வந்ததல்ல. இரண்டு வருடமாக அதைச் சுமந்தவள். ஞாயிற்றுக்கிழமை காலை, சுமியின் கணக்கிலிருந்து யாரோ நண்டின் புரோகிராமைப் பழைய வடிவத்துக்குத் திருப்பிவிட்டார்கள். ஹிஸ்டரியில் அவள் பெயர் இருக்கிறது. இந்தப் புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள், திருவனந்தபுரத்தில் நடக்கும் மாநிலப் போட்டிக்கு அணியின் பெயர்களைப் பள்ளி அனுப்ப வேண்டும். அதற்குள் செய்தது வேறு ஆள் என்று தெரியாவிட்டால் சுமியின் பெயர் போகாது.

“தலைமை டீச்சர் என்ன சொல்லுது?” என்று விமலகுமாரி கேட்டாள்.

“அசூயையாம்,” என்றாள் எமில்டா. “இந்தப் பையன் அணியில வந்து பேரெடுத்ததுல எனக்க பிள்ளைக்குப் பொறுக்கல்லியாம். அதனால அவன் செய்த வேலையை ஒக்கெ அழிச்சுப் போட்டாளாம். எனக்க வயித்துல பிறந்ததுக்குக் கோபம் உண்டு, வாயும் உண்டு. அசூயை கிடையாது சேச்சி.”

“கொஞ்சம் உண்டு,” என்றாள் சுமி, தரையைப் பார்த்தபடி. “ஆனா நான் செய்யல்ல.”

விமலகுமாரி முதல்முறையாகச் சுமியை நன்றாகப் பார்த்தாள். “ஞாயித்துக்கிழமை காலையில எங்க இருந்த மக்கா?”

“அந்தோணியார் கோயில் பூசைக்குப் போனேன். பின்ன வேதபாடம். ஃபோன் மினி டீச்சருக்க வாளியில கிடந்துது. சொன்னேன். வாளியை ஒக்கெ சாட்சியா எடுக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க.”

“உனக்க பாஸ்வேர்டு ஆருக்குத் தெரியும்?”

அதற்கு ஆதித்யன் பதில் சொன்னான். “கிளாஸ் முழுக்கத் தெரியும் மேடம். அக்கவுண்ட் ஒக்கெ பள்ளியில உண்டாக்கித் தந்தது. பேரும் ரோல் நம்பரும் சேர்த்தா பாஸ்வேர்டு. ஆரும் மாத்தல்ல.” அவன் கர்சரை நகர்த்தினான். “ஒரு விஷயம் கூட உண்டு. ஞாயித்துக்கிழமை சுமிக்க அக்கவுண்டுல ரெண்டு தடவ நுழைஞ்சிருக்காங்க. முதல்ல அதிகாலையில. ஒண்ணும் செய்யல்ல, உடனே வெளிய போயாச்சு. பின்ன முற்பகல்ல வந்து, பழைய புரோகிராமைத் திருப்பிக் கொண்டு வாற ரீஸ்டோர் பட்டனை அடிச்சிருக்கு.”

“திருட வந்தவன் கதவைத் திறந்து நோக்கிட்டு, காப்பி குடிச்சிட்டு வாறேன்னு போவானா?” என்றான் ஷைஜு.

“அது நல்ல கேள்வி,” என்றாள் விமலகுமாரி. ஷைஜுவின் முகம் மலரத் தொடங்க, அவள் ஆதித்யன் பக்கம் திரும்பி, “நல்லா கவனிச்சிருக்க. உன்னை மாதிரி ஒருத்தன் இந்த ஆபீஸுல உண்டெங்கில் எனக்கு எத்தனை வேலை மிச்சம்,” என்று முடித்தாள்.

மலரத் தொடங்கியது பாதியில் நின்றது.

“சாருக்குத் தான் மேடம் ரொம்ப சங்கடம்,” என்றான் ஆதித்யன் எழுந்தபடி. “ரோபோட்டிக்ஸ் கிளப்புக்குப் பொறுப்பான செல்லையன் சார். சுமியை மன்னிச்சு விடுங்கன்னு தலைமை டீச்சர்கிட்ட ரெண்டு தடவ பறஞ்சாரு. திங்கட்கிழமையே காய்ச்சல் வந்து லீவுல போயிட்டாரு.”

மூவரும் படியிறங்கிப் போனதும், விமலகுமாரி ஹெல்மெட்டைத் தேடினாள். ஷைஜு மேசையருகே கிடந்த நாற்காலியைத் தூக்கி, சன்னலோரம் அது எப்போதும் இருக்கும் மூலையில் வைத்தான். கொஞ்சம் இடது பக்கமாகத் திருப்பினான். பிறகு இன்னும் கொஞ்சம்.

“எலே, கலியாணப் பெண்ணுக்குச் சேலை உடுத்தியது போதும். வண்டியை எடு.”

பொழியூருக்குப் போகும் வழியெல்லாம் ஷைஜு ஒரு வழக்கை ஜோடித்துக்கொண்டே வந்தான். காற்று எதிர்த்து அடித்ததால் பாதியைக் கத்த வேண்டியிருந்தது.

“நான் சொல்லுதேன் அக்கா, அந்தப் பையனாக்கும் செய்தது. தானே செய்து, பழியைச் சுமிக்க தலையில போட்டு, கேப்டன் ஆகணும். முகத்தை நோக்கினியளா? எண்ணெய் தேய்க்காத முகம். நம்பக்கூடாது.”

“அவன் செய்த வேலை தானே அழிஞ்சுது?”

“அதாக்கும் தந்திரம்.”

“மோட்டார் கருகினது, மைதானத்துல மானம் போனது, அது ஒக்கெ தந்திரமா?”

ஷைஜு அடுத்த வளைவில் வண்டியைத் திருப்பினான். வளைவுக்குப் பிறகு, “எண்ணெய் தேய்க்காததுக்குப் பதில் இல்லியே,” என்றான்.

பொழியூர் அந்தோணியார் கோயில் முற்றத்தில் மினி டீச்சர் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பொழியூர்ப் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லித் தருகிறவள். மற்ற நாட்களில் தையல். முற்றத்துக்கு அப்பால் கருங்கல் தடுப்பு, தடுப்புக்கு அப்பால் கடல். பத்து வருடத்துக்கு முன் அங்கே ஒரு வரிசை வீடும் இருந்தது. சாட்சியாக ஏற்கப்படாத வாளியை மினி டீச்சரே எடுத்து வந்து காட்டினாள். பெயிண்ட் வாளி. மூடி இருந்தது.

“பூசை கழிஞ்ச உடன பிள்ளைகள் வரிசையா வந்து ஃபோனை இதுல போடணும். மூடியை அடைச்சு அது மேலயாக்கும் நான் இருப்பேன்,” என்றாள். “எனக்க எடை அந்தோணியாருக்கும் தெரியும். ஆருக்காவது ஃபோன் வேணுமெங்கில் முதல்ல என்னைத் தூக்கணும்.”

“சுமியும் இருந்தாளா?”

“முன் பெஞ்சுல. வாசகம் வாசிச்சதே அவதான். அவ டீமுல உள்ள டிக்சன் பின் பெஞ்சுல உறங்கினான். ரெண்டு பேருக்க ஃபோனும் எனக்குக் கீழதான்.”

புராட்டஸ்டண்ட் சபைக்காரனான ஷைஜு வாளியைத் தட்டிப் பார்த்தான். “இதை எங்க ஊருல முதல்லயே அடைச்சிடுவாங்க. எங்க சபையில ஓய்வுநாள் பள்ளி கழிஞ்சிட்டுத்தானே ஆராதனை. பிள்ளைகள் முதல்ல பாடம் படிக்கும், பின்ன கோயிலுக்குள்ள போவும். ஆராதனை கழிஞ்சா ஒரே ஓட்டம், வீட்டுக்கு.”

“உங்க சபையில ஒக்கெ வேற மாதிரியாக்கும்,” என்றாள் மினி டீச்சர். அதில் லேசான புளிப்பு இருந்தது. “பெரிய பாட்டுக் குழு, கோட்டு, டை. இஞ்ச ஒரு ஆர்மோணியம் வாங்க நாலு வருசமா கேக்கேன்.”

விமலகுமாரி ஷைஜுவையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன என்று அவன் புருவத்தைத் தூக்கியதும், ஒன்றுமில்லை என்று கடலைப் பார்த்தாள்.

டிக்சன் தடுப்புக் கல்லில் உட்கார்ந்திருந்தான். அணியில் இன்னொருவன். திங்கட்கிழமைக்குப் பிறகு அவன் பள்ளிக்கூடம் போகவில்லை. சுமியைத் தூண்டிவிட்டதே அவன்தான் என்று வகுப்பில் பேச்சு. பேச்சுக்குக் காரணமும் இருந்தது. நண்டுக்கு முதலில் இருந்தது கொடுக்கு. டிக்சன் இரும்புத் தகட்டை வளைத்துச் செய்தது. ஆதித்யன் வந்து கொடுக்கைக் கழற்றிவிட்டு, கீழிருந்து அள்ளித் தூக்கும் அகப்பை ஒன்றை வைத்தான். ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்த பழைய புரோகிராம் கொடுக்குக்கு எழுதியது. அகப்பை வைத்த உடம்பை அது கொடுக்கு என்று நினைத்து இயக்கியதால்தான் நண்டு பின்னால் நடந்தது.

“கொடுக்கு போனதுல உனக்கு வருத்தம் உண்டா மக்கா?” என்று விமலகுமாரி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“உண்டு,” என்றான் டிக்சன். “ஆனா அகப்பை தான் நல்லா தூக்குது. அதுதான் கூடுதல் வருத்தம்.”

“நீ எந்தச் சமயத்துலயாவது பழைய புரோகிராமைத் திருப்பணும்னு நினைச்சியா?”

“திருப்பினா கொடுக்கையும் திருப்பி மாட்டணும் இல்லியா? கொடுக்கு எனக்க வீட்டுல கட்டிலுக்குக் கீழ கிடக்குது. நான் செய்திருந்தா ரெண்டையும் சேர்த்துச் செய்திருப்பேன்.” அவன் ஒரு சிறு கல்லை எடுத்துக் கடலில் எறிந்தான். “இது, நண்டைக் கையால தொடாத ஆளு செய்தது.”

திரும்பும் வழியில், திருப்புறத்தில் ஒரு டீக்கடை முன் விமலகுமாரி வண்டியை நிறுத்தச் சொன்னாள். கடைக்காரர் பொன்னுதாஸ் டீயை ஆற்றியபடியே, எதிரே புதிதாகத் திறந்த கடையை முறைத்துக்கொண்டிருந்தார். அங்கே நாலு பேர் நின்றார்கள். இங்கே இவர்கள் இருவர்.

“போன மாசம் வரை அந்த நாலும் இஞ்ச நின்ன ஆளுகளாக்கும்,” என்றார் யாரிடம் என்றில்லாமல். “அவனுக்க டீயில ஏலக்காய் உண்டாம். ஏலக்காய் வேணுமெங்கில் பாயசம் குடிக்கட்டும்.”

“உங்களுக்க டீயும் நல்லாதான் இருக்குது மாமா,” என்றான் ஷைஜு.

“எனக்குத் தெரியும். அவனுக்க கடை தீப்பிடிக்கணும்னு ஒண்ணும் நான் நினைக்கல்ல. போன மாசம் எப்படி இருந்துதோ அப்படி இருந்தா போதும்.”

ஷைஜுவின் கையில் டீ அப்படியே நின்றது.

அன்று காலை அவன் நாற்காலியை மூலைக்குத் தூக்கிக்கொண்டு போனான். அந்தப் பையன் தடுக்கி விழ வேண்டும் என்றா நினைத்தான்? இல்லை. அவன் கெட்டுப்போக வேண்டும் என்றுகூட இல்லை. அவன் வருவதற்கு முன் அலுவலகம் எப்படி இருந்ததோ, அக்கா யாரைப் பார்த்துத் தலையாட்டினாளோ, அப்படி இருந்தால் போதும் என்றுதான் நினைத்தான். வெட்கமாக இருந்தது. கூடவே வேறொன்றும் தெரிந்தது.

“அக்கா,” என்றான். “நம்ம ஒக்கெ ஆரு அழிச்சாங்கன்னு தானே தேடுதோம். ஆரும் ஒண்ணும் அழிக்கல்ல.”

“பின்ன?”

“அழிக்கணும்னு நினைச்ச ஆளு மொத்தமா டிலீட் அடிச்சிருப்பான். அதுக்கும் பட்டன் உண்டு தானே. இந்த ஆளு ரீஸ்டோர் அடிச்சிருக்கு. எந்த நாளுக்குத் திருப்பினாங்க?”

விமலகுமாரி ஃபோனை எடுத்து, ஆதித்யன் அனுப்பியிருந்த படத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள். “ஆதித்யன் அணியில சேர்ந்ததுக்கு முந்தின நாள்.”

“அந்தாளுக்கு நண்டு கெடணும்னு இல்ல. அந்தப் பையன் வாறதுக்கு முன்ன இருந்த நாளு திரும்பி வரணும். அம்புடுதான்.” அவன் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் டீயைப் பார்த்தான். “எனக்குத் தெரியும்.”

அது எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. கேட்காதது இன்னும் மோசமாக இருந்தது. ஃபோனை அவனிடம் நீட்டி, “போர்டு திறந்துதான் இருக்கு. அந்தப் பழைய நாளுல ஆருக்கு நல்ல காலம்னு நோக்கு,” என்றாள்.

ஷைஜு ஒவ்வொரு கார்டாகத் திறந்தான். கார்டுகளின் கீழே பிள்ளைகள் எழுதியிருந்ததை வாசித்தான். பழையதிலிருந்து புதியதுக்கு வந்தான். மீண்டும் பழையதுக்குப் போனான். டீ ஆறிப்போயிற்று. கடைசியில் ஒரு கார்டைத் திறந்து, ஃபோனை அக்காவிடம் கொடுத்தான்.

விமலகுமாரி வாசித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“அதிகாலையில உள்ள வந்துட்டு ஒண்ணும் செய்யாம போனாங்க இல்லியா? அதுக்குக் காரணம் கோயில் முத்தத்துல நீ சொன்னது தான்,” என்றாள். “நீ சொன்னதுக்க அர்த்தம் உனக்கே தெரியல்ல. வண்டியை எடு.”

“எங்க?”

“பெருங்கடவிளைக்கு.”

பெருங்கடவிளையில் செல்லையன் சாரின் வீட்டைச் சுற்றி ரப்பர் மரங்கள். முன்னறையில் மேசை மேல் கிறிஸ்துமஸ் பாடல்களின் தாள்கள் பரப்பிக் கிடந்தன; சபையின் பாட்டுக் குழுவுக்கு அவர்தான் தலைவர். ஐம்பதைத் தாண்டியவர். கழுத்தில் மப்ளர் இருந்தது. காய்ச்சலுக்கான வேறு அடையாளம் இல்லை. அவருடைய மனைவி செல்லபாய் இரண்டு நாற்காலிகளைப் போட்டுவிட்டு, “ரெண்டு நாளா சாப்பிட மாட்டேங்குதாரு. நீங்களாவது பறயுங்க,” என்று உள்ளே போனாள்.

“சுமி காரியமா வந்தீங்களா?” என்றார் சார். “நல்ல பிள்ளை. இந்த ஒரு தடவ மன்னிச்சு விட்டுரணும்னு நான் பறஞ்சேன். கைதவறி நடந்திருக்கும். ஃபோன்ல ஒரு பட்டன் தானே.”

“எல்லாரும் அவ செய்தாளா இல்லியான்னு பேசுதாங்க,” என்றாள் விமலகுமாரி. “நீங்க ஒருத்தர் தான் மன்னிக்கணும்னு பேசுனீங்க. மன்னிக்கணுமெங்கில் தப்பு நடந்திருக்கணுமே சார். அவ செய்யல்ல.”

“அப்படியா?” என்றார். தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார்.

விமலகுமாரி ஷைஜுவைப் பார்த்தாள். அது உத்தரவு. பெரிய கேள்வியை அவனிடம் அவள் விட்டது அதுதான் முதல் தடவை.

“சாருக்க சபையிலயும் ஓய்வுநாள் பள்ளி முதல்ல தானே?” என்றான் ஷைஜு.

“ஆமா. அது கழிஞ்சு ஆராதனை.”

“எங்க சபையிலயும் அப்படித்தான். ஞாயித்துக்கிழமை காலையில ஒரு ஆளு சுமிக்க அக்கவுண்டைத் திறந்துது சார். அப்ப ஓர்மை வந்துது, இப்ப பொழியூருல பூசை நேரமாச்சே, பிள்ளை கோயிலுக்குள்ள இருக்குமே, இப்ப செய்தா அவ கைதவறிச் செய்தான்னு ஆரு நம்புவாங்க. உடனே வெளிய வந்துது. பூசை கழியட்டும், பிள்ளை வீட்டுக்குப் போகட்டும்னு காத்து நின்னுது. பின்ன வந்து வேலையை முடிச்சுது. ஒண்ணும் அறியாத ஆளுக்குப் பூசை நேரம் தெரியாது, காத்து நிக்கவும் வேண்டாம். பொழியூர்க்காரனுக்குப் பூசை கழிஞ்ச பிறகும் பிள்ளை வீட்டுக்குப் போகாதுன்னு தெரியும்.”

“போகாதா?” என்றார் சார்.

“பூசை கழிஞ்சாக்கும் அங்க வேதபாடம். ஃபோன் ஒக்கெ ஒரு வாளிக்குள்ள. வாளிக்கு மேல ஒரு டீச்சர்.”

செல்லையன் சார் அடுக்குவதை நிறுத்தினார்.

“இத்தனை வருசமா பொழியூர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பிச்சேன்,” என்றார். “ஞாயித்துக்கிழமை அவங்க என்ன செய்யுவாங்கன்னு கேட்டதே இல்ல. நம்மள மாதிரி தான் இருக்கும்னு நினைச்சேன்.”

விமலகுமாரி ஃபோனைத் திறந்து மேசைமேல் வைத்தாள். போர்டின் பழைய கார்டுகள். எல்லாவற்றின் கீழும் ஒரே மாதிரி வரிகள்: ‘சார், இது சரியா?’ ‘சார், கொடுக்கு இறுகல்ல.’ ‘சார், ஃபோன்ல ஒண்ணு விளிக்கட்டா?’ ஒவ்வொன்றுக்கும் சார் நீளமாகப் பதில் எழுதியிருந்தார். அவள் விரலால் மேலே தள்ளினாள். ஆதித்யன் சேர்ந்த பிறகு வந்த கார்டுகள். ‘ஆதி, நோக்கு.’ ‘ஆதி, இது எப்படி?’ கடைசியில் ஷைஜு டீக்கடையில் காட்டிய கார்டு. அதில் சார் எழுதியிருந்தார்: ‘யாருக்காவது சந்தேகம் உண்டெங்கில் என்னைக் கூப்பிடலாம். எந்த நேரமும்.’ அதன் கீழே யாரும் ஒன்றும் எழுதவில்லை.

“கொடுக்குக்க கணக்கு என்னுடையது,” என்றார் சார். “தகட்டை டிக்சன் வளைச்சான். எவ்வளவு விரியணும், எப்ப இறுகணும், அது ஒக்கெ நான் போட்டுக் கொடுத்தது. அந்தப் பையன் வந்து ஒரு சாயங்காலத்துல கழட்டிப் போட்டான். நல்ல மரியாதையா தான் கழட்டினான். சார், உங்களுக்கு ஓகே தானேன்னு கேட்டான். நான் ஓகேன்னு பறஞ்சேன்.”

“பின்ன?”

“பின்ன ஒண்ணும் இல்ல. அதுக்குப் பிறகு என்னை ஆரும் விளிக்கல்ல.” அவர் மப்ளரைக் கழற்றி மடித்தார். “ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துக்க இடையில, பாட்டுப் புத்தகத்துக்கு அடியில ஃபோனை வச்சுச் செய்தேன். பழைய புரோகிராம் வந்தா ஒண்ணும் ஓடாது. ஆதித்யனுக்குக் கொடுக்குக்க கணக்கு தெரியாது. சாயங்காலம் பிள்ளைகள் திறந்து நோக்கும், பயப்படும், என்னை விளிக்கும். நான் சரியாக்கிக் கொடுப்பேன். அவ்வளவு தான் நினைச்சேன். மத்தியானம் முதல் ஃபோனைக் கையிலயே வச்சிருந்தேன்.”

“அவங்க திறந்து நோக்கல்ல,” என்றாள் விமலகுமாரி.

“ஒருத்தரும் நோக்கல்ல. திங்கட்கிழமை நேரா மைதானத்துல ஓட்டினாங்க. அப்பவாவது நான் வாயைத் திறந்திருக்கணும். சுமிக்க பேரை டீச்சர் எடுத்ததும் எனக்க நாக்கு ஒட்டிப்போச்சு. நான் அவ அக்கவுண்டை எடுத்தது, அவளை ஆரும் கோபிக்க மாட்டாங்கன்னு நினைச்சு. எனக்கு ரொம்பப் பிடிச்ச பிள்ளை.”

“பிடிச்ச பிள்ளைக்க தலையிலயா சார் போடுறது?” என்றான் ஷைஜு. நக்கலாகச் சொல்லத்தான் தொடங்கினான். முடியும்போது அதில் நக்கல் இல்லை.

சார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு தாண்டியிருந்தது. ஃபோனை எடுத்துத் தலைமை ஆசிரியையின் எண்ணை அவரே அழுத்தினார். எதிர்முனையில் எடுத்ததும் எழுந்து நின்றார். நின்றபடியே பேசினார். கதவோரம் வந்து நின்ற செல்லபாய், முழுவதையும் கேட்டுவிட்டு, மேசையில் கிடந்த பாட்டுத் தாள்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வெளியே வண்டியருகே வந்ததும் ஷைஜு சாவியைத் தேடுவதாகப் பாவனை செய்தான்.

“அந்தாளுக்க மேல கோபம் வரணும். வரமாட்டேங்குது அக்கா.”

“அந்தப் பிள்ளைக்க மூணு நாள் அழுகைக்கு அவருதான் பொறுப்பு. அதையும் ஓர்மை வை.” விமலகுமாரி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். “நாற்காலியை எதுக்குலே மூலைக்குக் கொண்டு போன?”

“பழைய இடத்துல போட்டேன்.”

“அது ஒண்ணும் அதுக்க பழைய இடம் இல்ல. நீ வாறதுக்கு முன்ன அது மேசைக்குப் பக்கத்துல தான் கிடந்துது. உனக்கு முன்ன இருந்தவன் அங்க தான் இருப்பான்.”

ஷைஜு சாவியைக் கண்டெடுத்தான். “எனக்கு முன்ன ஒருத்தன் உண்டா?”

“உண்டு. வாய் குறைவு. அதனால தான் நீ வந்த. நாளை முதல் நம்ம ஆபீஸுக்கும் ஒரு போர்டு வேணும். ஆதித்யன் சனிக்கிழமை போட்டி கழிஞ்சு வந்து உனக்குச் சொல்லித் தருவான்.”

“வேற ஆளு கிடைக்கல்லியா?”

“நீயே ஒரு கார்டு எழுதிப் போடு. இடது பக்கம்.”

அவன் வண்டியை உதைத்தான். முதல் உதையில் கிளம்பவில்லை.

அன்று மாலை பள்ளியிலிருந்து போன பெயர்களில் சுமியின் பெயர் முதலாவதாக இருந்தது. டிக்சனும் ஆதித்யனும் அடுத்து இருந்தார்கள். பொறுப்பாசிரியர் என்ற இடத்தில் வேறொருவர் பெயர் இருந்தது. செல்லையன் சார் வெள்ளிக்கிழமை பொழியூருக்குப் போய் எமில்டாவின் வீட்டு வாசலில் நின்றார். சுமி வெளியே வரவில்லை. வகுப்பில் எல்லாரும் பாஸ்வேர்டை மாற்றினார்கள்.

சனிக்கிழமை திருவனந்தபுரத்தில் நண்டு, அகப்பையோடு, எட்டு மணல் மூட்டைகளைத் தூக்கி அடுக்கியது. நான்காவதாக வந்தது. பரிசு மூன்று அணிகளுக்குத்தான்.